குளோரின் ஆக்சைடுகளின் அயனியாக்க ஆற்றல்: விளக்கா, லேசரா, சிங்க்ரோட்ரானா, கணினியா?

குளோரின் மோனாக்சைடிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்ற 10.885 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். டைகுளோரின் மோனாக்சைடிலிருந்து கழற்ற 10.909. (இப்படிக் கழற்றத் தேவையான ஆற்றல்தான் அயனியாக்க ஆற்றல். இனி அலகை ‘இவி’ என்றே எழுதுகிறேன்.) இரண்டு எண்களையும் 1996இல் வெளியிட்டது ஒரே குழு: நாசாவின் கோடார்ட் மையத்தைச் சேர்ந்தவர்கள், ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் சிங்க்ரோட்ரான் ஒளியை, அதாவது வளையத்தில் அதிவேகமாகச் சுற்றும் எலக்ட்ரான்கள் உமிழும் ஒளியை, வைத்து அளந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பிழை வரம்பு 0.016. ஆக, இரு மூலக்கூறுகளுக்கும் நடுவே உள்ள 0.024 இவி இடைவெளி, இரண்டு பிழை வரம்புகளையும் கூட்டினால் அதற்குள்ளேயே மறைந்துபோகிறது. முதல் மூலக்கூறைச் செய்வதற்கு இரண்டாவதையே மூலப்பொருளாக எடுக்கும் வழக்கமும் உண்டு. அப்போது வாயு பாயும் குழாயில் இரண்டும் கலந்தே வரும்.

சிங்கப்பூரில் வாயுநிலை வேதியியலில் இறங்கும் நம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தக் கருவியில் அளக்கலாம்? என் பதில் அவர்களுக்கு முதலில் பிடிப்பதில்லை. கருவியை முடிவு செய்யுமுன் வாயுவை எப்படிச் செய்யப் போகிறாய் என்று முடிவு செய். எந்தக் கருவி போதும், எது போதாது என்பதை அந்த முடிவே பாதிக்குமேல் தீர்த்துவிடும்.

இந்த எண்கள் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் மொலினாவும் ரோலண்டும் குளோரோஃபுளோரோகார்பன்களைப் பற்றி எச்சரித்ததிலிருந்து, ஓசோன் அழிவுக் கணக்கின் நடுவில் குளோரின் மோனாக்சைடு உட்கார்ந்திருக்கிறது. 1987இல் லூயிசா மொலினாவும் மாரியோ மொலினாவும் அதன் இரட்டை மூலக்கூறை, அதாவது டைமரை, துருவ வசந்தகால ஓசோன் சிதைவின் முக்கியக் கண்ணியாகக் காட்டினார்கள். 2007இல் அந்த டைமர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் ஒரு புதிய அளவீடு வந்து, மொத்தக் கணக்கும் தப்போ என்ற பதற்றம் கிளம்பியது. 2009இல் தைவான் குழு ஒன்று மூலக்கூறுக் கற்றையையும் மாஸ் ஸ்பெக்கையும் (அயனிகளை நிறை வாரியாகப் பிரிக்கும் கருவி) வைத்து அளந்து, பழைய கணக்கு சரிதான் என்று காட்டியது. உறிஞ்சுதலை மட்டும் பார்க்கும் கருவிக்குக் குழாயில் கலந்திருக்கும் குளோரின் எது, டைமர் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. நிறையைப் பார்க்கும் கருவிக்குத் தெரியும். நம் விஷயத்திலும் சிக்கல் அதேதான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் இங்கேயே வைத்துக்கொள்வோம். அயனியாக்க ஆற்றலைக் கொண்டு உருவாக்க வெப்பம், பிணைப்பு வலு எல்லாம் கணக்கிடப்படுகின்றன. 0.01 இவி என்பது ஏறக்குறைய மோலுக்கு 1 கிலோஜூல். வெப்ப வேதியியல்காரர்கள் இன்று கேட்பது அந்த 1 கிலோஜூலைத்தான். கண்டறிவதற்கு மட்டும் எண் தேவை என்றால் 0.1 இவி பிழைகூடப் பரவாயில்லை. முதல் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் ஒரே கருவியைச் சிபாரிசு செய்வது அநியாயம்.

எலக்ட்ரான் மோதல்

இதை ஒரு பத்தியில் தள்ளிவிடலாம். எந்தத் துறையிலும் இருக்கும் சாதாரண மாஸ் ஸ்பெக்கில், சூடான இழையிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை மெல்ல ஏற்றி, அயனி எங்கே தோன்றுகிறது என்று பார்ப்பது. இழையின் வெப்பத்தாலேயே எலக்ட்ரான்களின் ஆற்றல் அரை இவி அளவுக்குப் பரவிக் கிடக்கும். 0.024ஐப் பிரிக்க வேண்டிய இடத்தில் 0.5 அகலக் கத்தி. மூலக்கூறு குழாயில் இருக்கிறதா இல்லையா என்று முன்னோட்டம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஹீலியம் விளக்கும் ஒளியெலக்ட்ரான் நிறமாலையும்

ஹீலியம் விளக்கின் 58.4 நானோமீட்டர் ஒளி, அதாவது 21.22 இவி, எந்த ஆக்சைடையும் தாராளமாக அயனியாக்கும். வெளியேறும் எலக்ட்ரானின் வேகத்தை அளந்து, அதன் ஆற்றலை 21.22இலிருந்து கழித்தால் அயனியாக்க ஆற்றல். 1979இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் இப்படித்தான் குளோரின் மோனாக்சைடுக்கு (இனி வெறும் ‘மோனாக்சைடு’) 10.87 இவி கிடைத்தது. பதினேழு ஆண்டு கழித்துப் பெரிய சிங்க்ரோட்ரானில் வந்த எண்ணுக்கும் இதற்கும் 0.015தான் வித்தியாசம். மேசைமேல் வைக்கும் கருவிக்கு இது சாதாரணப் பெருமையில்லை.

இந்த முறையின் பெரிய பலம், அதிர்வுப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிவது. மோனாக்சைடில் கழலும் எலக்ட்ரான் பிணைப்பை இளக்கும் சுற்றுப்பாதையில் இருப்பது. அது போனதும் பிணைப்பு இறுகிச் சுருங்குகிறது. வடிவம் மாறுவதால், அயனி தன் அடிநிலை அதிர்விலும் பிறக்கும், முதல், இரண்டாம் படிகளிலும் பிறக்கும். படிகளில் மிக உயரமானது 11.0 இவி அருகே இருக்கிறது. உண்மையான வாசல், அதாவது அயனியாக்கம் தொடங்கும் ஆற்றல், அதற்கு ஒரு படி கீழே, 10.87இல். முன்னதைச் செங்குத்து மதிப்பு என்பார்கள், பின்னதை அடியாபாட்டிக் மதிப்பு என்பார்கள். பழைய அட்டவணைகளில் இரண்டும் ஒரே நிரலில் கலந்து கிடக்கும். 0.1 இவி தாண்டிய முரண்பாடு ஒன்றைப் பார்த்தால், சண்டைக்குப் போகுமுன் அது எந்த மதிப்பு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலவீனம்: எலக்ட்ரானின் நெற்றியில் அது எந்த மூலக்கூறிலிருந்து வந்தது என்று எழுதியிருக்காது. இங்கேதான் வாயு தயாரிப்பு நுழைகிறது. குளோரின் அணுவை டைகுளோரின் மோனாக்சைடுடன் வினைபுரியவிட்டு மோனாக்சைடைச் செய்தால், மிச்சமிருக்கும் மூலப்பொருளின் நிறமாலைப் பட்டை 10.909இல் தொடங்கி நாம் தேடும் பட்டையின் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். குளோரின் அணுவை ஓசோனுடன் வினைபுரியவிட்டால் நிலைமை வேறு. மிச்ச ஓசோனுக்கு 12.4க்கு மேல் வேண்டும், உடன் பிறக்கும் ஆக்சிஜனுக்கு 12.07, வினைபுரியாத குளோரினுக்கு 11.48. மூன்றும் நம் வாசலுக்கு மேலே. கண்ணில்லாத கருவி, ஆனால் எதிரே வேறு யாரும் நிற்கவில்லை. இந்த வழியில் செய்தால் ஹீலியம் விளக்கு மோனாக்சைடுக்கு இன்றும் மரியாதையான தேர்வு என்பது என் கருத்து.

டைமருக்கு இந்தச் சலுகை கிடையாது. குளிரவைத்தால்தான் டைமர் தங்கும். அந்தக் குளிரில் குளோரினும் குளோரின் டையாக்சைடும் உயர் ஆக்சைடுகளும் சேர்ந்தே கூடிவிடும். அதன் வாசலோ 11 இவியை ஒட்டி, மற்றவற்றின் பட்டைகளுக்கு நட்டநடுவில். நிறை பார்க்காமல் டைமரைத் தொடக்கூடாது.

லேசர்: வாங்குமுன் ஒரு கழித்தல் கணக்கு

“அண்ணா, 118 நானோமீட்டர் லேசர் போட்டுட்டா இங்கயே எல்லாத்தையும் பார்த்துடலாம்ல?” இது முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. என்டி-யாக் லேசரின் 355 நானோமீட்டர் ஒளியை செனான் வாயுவில் மும்மடங்காக்கினால் 118.2 நானோமீட்டர் வரும். பல ஆய்வகங்களில் இது நடைமுறையில் இருக்கிறது, மாஸ் ஸ்பெக்குடன் நன்றாக ஒத்துப்போகும், செலவும் சிங்க்ரோட்ரானுக்கு விமானம் ஏறுவதைப்போல் ஆண்டுதோறும் வராது.

1239.84ஐ 118.2ஆல் வகுத்துப் பாருங்கள்: 10.49 இவி. குளோரின் டையாக்சைடின் வாசல் ஏறத்தாழ 10.33. அது தெரியும். மோனாக்சைடு 10.885, தெரியாது. டைகுளோரின் மோனாக்சைடு 10.909, தெரியாது. டைமரும் தெரியாது, 11.12 கேட்கும் ஹைபோகுளோரஸ் அமிலமும் தெரியாது. குடும்பத்தில் ஒருவரை மட்டும் பார்க்கும் லேசர். டையாக்சைடை மட்டும் தனியாகக் கண்காணிக்க வேண்டும் என்றால் இதைவிடச் சுத்தமான கருவி கிடைக்காது, ஏனென்றால் மற்றவர்கள் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். வாசலை அளப்பதற்கோ இது உதவாது. நிலையான அலைநீளத்தில் நின்றுகொண்டு ஒரு வாசல் எங்கே தொடங்குகிறது என்று எப்படிச் சொல்வது?

அலைநீளத்தை நகர்த்தக்கூடிய லேசர் அமைப்பு உண்டு. இரண்டு சாய லேசர்களை கிரிப்டான் அல்லது செனானில் கலந்து, 113.9 நானோமீட்டரைச் சுற்றி மேலும் கீழும் நகர்த்தலாம். பிரிதிறன் சிங்க்ரோட்ரானையே வெட்கப்பட வைக்கும்: 0.0001 இவி சுலபம். சுழற்சி நிலைகளைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் ஒளி தொடர்ந்து கிடைக்கும் பகுதி குறுகியது. ஒவ்வொரு சில நானோமீட்டருக்கும் சாயத்தையும் வாயு அழுத்தத்தையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மூலக்கூறின் ஒரு வாசலை உயிரைக் கொடுத்து அளக்கப் போகிறவருக்கு இது. பல ஆக்சைடுகளை ஒப்பிடப் போகிறவருக்கு இல்லை.

ஜன்னல் விஷயமும் இங்கே சொல்ல வேண்டியது. 113.9 நானோமீட்டர் ஒளிக்கு மெக்னீசியம் ஃபுளோரைடு ஜன்னல் ஏறக்குறைய மூடிய கதவுதான், அதன் எல்லை அங்கேதான் விழுகிறது. லித்தியம் ஃபுளோரைடு 105 நானோமீட்டர்வரை விடும், ஆனால் ஈரத்துக்கு ஆகாது, ஒளிபட்டுப் பட்டு நிறமும் ஏறும். ஈரப்பதம் எண்பது சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஊரில் அந்த ஜன்னலை உலர்பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகாதீர்கள்.

ஆர்கான் விளக்கு: ஏழைக்கேற்ற எள்ளுருண்டை

வேதித் தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தொழிற்சாலைகளில் ஆவி கசிவு பார்க்கக் கையில் வைத்திருக்கும் ஒளி அயனியாக்கக் கருவிகளில் பெரும்பாலும் 10.6 இவி கிரிப்டான் விளக்குதான் இருக்கும். அதற்குக் குளோரின் வாயு தெரியவே தெரியாது. ஆர்கான் விளக்கு லித்தியம் ஃபுளோரைடு ஜன்னல் வழியாக 11.62, 11.83 இவி கோடுகளைத் தரும். இதைச் சிறிய மாஸ் ஸ்பெக்கின் முன் பொருத்தினால் டையாக்சைடு, மோனாக்சைடு, டைகுளோரின் மோனாக்சைடு, டைமர், ஹைபோகுளோரஸ் அமிலம், குளோரின் எல்லாம் அயனியாகும். 12.07 கேட்கும் ஆக்சிஜன், 12.62 கேட்கும் நீர், அதற்கும் மேலே உள்ள நைட்ரஜன், ஹீலியம் எல்லாம் இருட்டிலேயே இருக்கும். பின்னணி இரைச்சல் அப்படியே அடங்கிவிடும்.

வாசலை இது அளக்காது. ஆனால் குழாயில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை இவ்வளவு மலிவாகத் தரும் வேறு வழி எனக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: டைமரின் நடுப்பிணைப்பு 0.7 இவி அளவுக்கே வலுவுள்ளது. அதனால் 11.6 இவியை ஒட்டி டைமரே உடைந்து மோனாக்சைடு அயனியைக் கொடுக்கத் தொடங்கும். ஆர்கான் விளக்கின் கோடுகள் சரியாக அந்த இடத்திலும் அதற்குச் சற்று மேலேயும் நிற்கின்றன. குளிர்ந்த குழாயில் மோனாக்சைடின் நிறையான 51இல் (குளோரின் 35, ஆக்சிஜன் 16) தெரிவது முழுவதும் மோனாக்சைடு என்று நம்பிவிடக் கூடாது.

சிங்க்ரோட்ரான்

நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறதே என்பார்கள். கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்த சிங்கப்பூர் சிங்க்ரோட்ரான் ஒளி மூலம், 700 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் சுற்றும் மீக்கடத்தி காந்த வளையம். அங்குள்ள கதிர்த்தடங்கள் (வளையத்து ஒளியைச் சோதனைக்குக் கொண்டுவரும் தடங்கள்) பெரும்பாலும் திடப்பொருள் பரப்பு, மென்படலம், எக்ஸ்-கதிர் உறிஞ்சுதல், நுண் அச்சு வேலைகளுக்காக அமைந்தவை. நமக்கு வேண்டியது ஒளி மட்டுமல்ல: 10 முதல் 13 இவிவரை தொடர்ச்சியாக நகரும் ஒளி, அதன் குறுக்கே பாய்வுக்குழாய், அதன் பின்னே மாஸ் ஸ்பெக், நடுவே குளோரின் வாயு வளையத்துக்குள் ஒரு துளிகூடப் போகாதபடி அடுக்கடுக்கான பம்புகள். கடைசிப் பகுதிதான் பேச்சுவார்த்தையில் அதிக நேரம் எடுக்கும். அரிக்கும் வாயுவோடு வருகிற விருந்தாளியை எந்த வளையமும் சட்டென்று உள்ளே விடாது. ஆகவே இதற்கென்றே கட்டிய நிலையங்கள் உள்ள இடத்துக்கு விண்ணப்பிப்பதே நடைமுறை: பிரான்சின் சோலேய் வளையத்தில் டெசிர்ஸ் கதிர்த்தடம், சுவிட்சர்லாந்தின் சுவிஸ் ஒளி மூலத்தில் வியூவி கதிர்த்தடம், சீனாவில் ஹெஃபெய்.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? நிறையையும் வாசலையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால். நிறை 51இல் ஒளியின் ஆற்றலை 10.7இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே வந்தால், 10.88 அருகே முதல் படி எழும். டைகுளோரின் மோனாக்சைடு அதே குழாயில் எவ்வளவு இருந்தாலும் அதன் அயனி 86, 88, 90இல் போய் விழும். அது உடைந்து 51ஐத் தருவது 12.3 இவியை ஒட்டித்தான். டையாக்சைடு உடைந்து தருவது அதற்கும் மேலே. டைமர் உடைவதுகூட 11.6. எனவே 11.5க்குக் கீழே நிறை 51இல் வருவதெல்லாம் மோனாக்சைடின் சொந்தப் பிள்ளைகள். அந்த 12.3இலிருந்து 10.885ஐக் கழித்தால் டைகுளோரின் மோனாக்சைடில் ஒரு குளோரினைப் பிடித்திருக்கும் பிணைப்பின் வலு 1.4 இவி என்று கிடைத்துவிடும். ஒரே வரைபடத்தில் இரண்டு மதிப்பு.

இங்கேயும் ஒரு பொறி. மோனாக்சைடின் அடிநிலை இரண்டாகப் பிரிந்தது, நடுவே 320 அலையெண், அதாவது 0.04 இவி. அறை வெப்பநிலையில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான மூலக்கூறுகள் மேல்நிலையில் இருக்கும். அவை 0.04 குறைவான ஒளியிலேயே அயனியாகும். வளைவு சட்டென்று எழாமல், 10.84 அருகே ஒரு வாலோடு எழும். வாலின் நுனியை வாசல் என்று படித்தால், நாம் பிரிக்க நினைத்த 0.024ஐவிடப் பெரிய பிழை. மூலக்கூறுகளை நுண்துளை வழியே பீய்ச்சிக் குளிர்வித்தால் வால் சுருங்கும். இல்லையென்றால் வாலைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

எலக்ட்ரானையும் அயனியையும் ஜோடியாகப் பிடிக்கும் நிலையம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹீலியம் விளக்கு காட்டிய அதிர்வுப் படிக்கட்டு, இப்போது நிறை வாரியாகப் பிரிந்து கிடைக்கும். டைமருக்கு நான் இதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன்.

குறை என்றால் நேரம். விண்ணப்பம், மதிப்பீடு, காத்திருப்பு, பிறகு ஒரு சில நாள் ஒளி. அந்த நாட்களில் உங்கள் ஓசோன் கருவி மக்கர் செய்தால் அடுத்த சுற்றுவரை பொறுக்க வேண்டும். இறுதியாண்டுத் திட்டம் செய்கிற மாணவருக்கு இது ஒத்துவராது, முனைவர் பட்ட மாணவருக்கு ஒத்துவரும்.

கணினி

இதைக் கடைசியில் வைத்ததற்காக மலிவாக நினைக்க வேண்டாம். மோனாக்சைடு இரண்டே அணு, 25 எலக்ட்ரான். கப்புள்டு கிளஸ்டர் என்ற உயர்துல்லியக் குவாண்டம் கணக்கு முறையில், மும்மைத் தூண்டல் திருத்தத்தோடு, பெரிய அடிப்படைத் தொகுதியில் (எலக்ட்ரான் சுற்றுப்பாதைகளை விவரிக்க எடுக்கும் சார்புகளின் தொகுப்பு) கணக்கிட நல்ல மேசைக்கணினியே போதும். டைமரின் அதிர்வுகளையும் அயனியின் மாறிய வடிவத்தையும் அதே தரத்தில் கேட்டால்தான் ஃபியூஷனோபொலிசில் உள்ள தேசிய மீத்திறன் கணினி மையத்தின் நேரம் தேவைப்படும்.

சரியாகச் செய்தால் 0.01 முதல் 0.02 இவிக்குள் வரலாம், சிங்க்ரோட்ரான் பிழை வரம்புக்குச் சமம். ‘சரியாக’ என்பதில்தான் எல்லாம். குளோரினுக்கு அணுக்கருவை ஒட்டி நிற்கும் இறுக்கமான டி சார்புகள் சேர்ந்த தொகுதி வேண்டும். டையாக்சைடில் அதை விட்டால் விடை கண்டபடி நகரும். பூஜ்ஜியநிலை அதிர்வு ஆற்றலை, அதாவது அடிநிலையிலும் மிஞ்சும் அதிர்வு ஆற்றலை, சேர்க்க வேண்டும். பிணைப்பு இறுகுவதால் மோனாக்சைடில் அது 0.01 இவி கூட்டும். மேலே சொன்ன 0.04 பிளவு இங்கேயும் வந்து நிற்கும்: நடுநிலை மூலக்கூறின் உண்மையான அடிநிலை, எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள இணைப்பைக் கருதாத கணக்கைவிட 0.02 கீழே இருக்கிறது, அயனிக்கோ அப்படி இறக்கம் இல்லை. ஆகவே விடையோடு 0.02 கூட்ட வேண்டும். இந்த ஒரு திருத்தம், இரு மூலக்கூறுகளின் இடைவெளி முழுமைக்கும் கிட்டத்தட்டச் சமம். அவசரத்துக்கு அடர்த்திச் சார்பியக் கணக்கு (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் போடும் வேகமான கணக்கு) போட்டால் 0.1, 0.2 இவி தள்ளிப்போவது சகஜம். அதை வைத்து அளவீட்டைக் குறை சொல்லக் கூடாது.

சரி, என்ன செய்வது?

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டியவர் கணினியில் தொடங்கி கணினியிலேயே முடிக்கலாம். வாயுவைத் தொடாமலே நல்ல ஆய்வறிக்கை வரும், பாதுகாப்பு அதிகாரியும் நிம்மதியாக இருப்பார். இது கேலியில்லை: டையாக்சைடு காற்றில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வெடிக்கும், டைகுளோரின் மோனாக்சைடும் வெடிக்கும் ரகம்தான், குளோரின் உருளைக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி வேண்டும்.

ஆய்வகத்தில் வாயுவைச் செய்தே தீருவேன் என்பவர், 118 நானோமீட்டர் லேசருக்குப் பணம் போடாமல், ஆர்கான் விளக்கும் சிறிய மாஸ் ஸ்பெக்கும் வைத்து ஆரம்பிக்கட்டும். ஓசோன் வழியில் மோனாக்சைடு செய்து, 86இல் எதுவும் இல்லை என்று காட்ட முடிந்தால், ஹீலியம் விளக்கு உள்ள ஆய்வகம் எதோடும் கைகோத்து நல்ல எண் எடுக்கலாம். நிறை 52 எழுந்தால் குழாயில் ஈரம் புகுந்திருக்கிறது, ஹைபோகுளோரஸ் அமிலம் உருவாகிறது என்று அர்த்தம். இந்த ஊரில் அது எழும். பம்புக்கு ஃபுளோரின் எண்ணெய், குழாய்க்குள் டெஃப்லான் பூச்சு, இவை இரண்டும் முதல் நாளே இருக்கட்டும்.

எல்லா ஆக்சைடையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட வேண்டும், அதிலும் டைமர் வேண்டும் என்பவர் சிங்க்ரோட்ரானுக்கு எழுதட்டும். விண்ணப்பத்தில் கணினி விடைகளையும் ஆர்கான் விளக்கில் எடுத்த நிறைப் பட்டியலையும் இணையுங்கள். வாயு தயார், இனி ஒளி மட்டும்தான் வேண்டும் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிய வேண்டும். ஆற்றல் அளவுகோலைச் சரிபார்க்க 9.264 இவியில் நைட்ரிக் ஆக்சைடும் 11.40இல் அசெட்டிலினும் எடுத்துப்போங்கள், நம் வாசல்கள் அத்தனையும் அந்த இரண்டுக்கும் நடுவே விழும். அங்கே போனதும் 51, 53 இரண்டிலும் வளைவு எடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் எழ வேண்டும், உயரம் மூன்றுக்கு ஒன்று என்ற குளோரின் ஐசோடோப்பு விகிதத்தில் இருக்க வேண்டும். விகிதம் பிசகினால், 10.885 வந்திருந்தாலும் அந்த நாள் தரவை ஒதுக்கிவையுங்கள்.